இம்பெல்லர் கணக்கில் உங்கள் சூத்திரம்

பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரின் இதழ்க் கோணத்தைச் சற்றே மாற்றிப் பார்க்க, கோவைப் பம்புத் தொழிலில் பேட்டர்ன் செய்து, வார்த்து, கடைந்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த நீரோட்டத்தை இன்று கணினியிலேயே கணக்கிடலாம். அதற்கு உதவும் திறமூல மென்பொருள் ஓப்பன்ஃபோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேர்விட்ட இது, 2004-இல் மூலநிரலோடு வெளியானது. மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் இதை நம் மாணவர்களிடம் கொண்டுசேர்க்கிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரோடு மணலும் ஏறும்; இம்பெல்லர் தேயும். அந்தத் தேய்மானத்துக்கு உங்களிடம் சொந்தச் சூத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சேர்க்க மென்பொருள் முழுவதையும் மணிக்கணக்கில் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. சூத்திரத்தை மட்டும் தனி லைப்ரரியாக எழுதி, அமைப்புக் கோப்பில் அதன் பெயரை ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த லைப்ரரிதான் செருகுநிரல்.

மென்பொருள் ஓடத் தொடங்கியதும் இயங்குதளம் அந்த லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஏறிய கணமே அது தன் பெயரை முதன்மை நிரலின் அட்டவணையில் பதிந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட பெயரை அட்டவணையில் தேடி எடுத்து, நிரல் அதை இயக்குகிறது. நிரலை எழுதியவர்களுக்கு உங்கள் சூத்திரம் இருப்பதே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இயங்குதளம் மாறும்போதுதான் சிக்கல். லினக்ஸில், லைப்ரரிக்குத் தேவையான சில செயற்கூறுகளின் பெயர்களை ஏற்றும் நேரத்தில் தேடிக்கொள்ளலாம். விண்டோஸ் டிஎல்எல் கோப்பிலோ எல்லாப் பெயர்களுக்கும் இணைக்கும்போதே விடை வேண்டும். வெளியே தெரிய வேண்டியவற்றைப் பொதுவாக வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும். நிரலோடு முன்கூட்டியே இணைக்கும் லைப்ரரிகளில் இன்னொரு ஆபத்து: யாரும் நேரடியாக அழைக்காத லைப்ரரியைத் தேவையற்றதென்று இணைக்கும் கருவியான லிங்கர் கழித்துவிடக்கூடும். பிறகு பதிவும் நடக்காது. சி++ மொழியிலோ, கம்பைலர் மாறினால் பெயர்களைக் குறிக்கும் முறையே மாறிவிடலாம். மோட்டாரும் பம்பும் வெவ்வேறு பட்டறையில் செய்தவையானாலும், ஷாஃப்ட் விட்டமும் கப்ளிங் துளைகளும் பொருந்தினால்தான் சேர்ந்து சுழலும். இங்கும் அதே கண்டிப்பு.

சிமுலேஷன் மாதிரிகளுக்கு இந்தப் பொருத்தத்தைப் பொது விதியாக்கியது 2010-இல் வந்த எஃப்எம்ஐ தரநிலை. எளிய சி மொழி இடைமுகம், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி லைப்ரரி, ஒரு விவரக் கோப்பு ஆகியவற்றை ஒரே ஜிப் பொதியில் அடக்கலாம். திறமூலச் சிமுலேஷன் மென்பொருளான ஓப்பன்மாடலிகா அந்தப் பொதியை ஆக்கவும் ஏற்கவும் செய்கிறது.

கோவைப் பொறியியல் மாணவர்கள் சிமுலேஷனை ஓட்டக் கற்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு சிறு லைப்ரரி எழுதி இணைக்கவும் பழக வேண்டும். பட்டறைக்காரர் பல ஆண்டுகள் பம்பு ஓட்டி அறிந்த கணக்கு, அப்போதுதான் உலகத்தரக் கருவிக்குள் நுழையும்.