சொல் வேறு, பயிர் ஒன்று: வட்டாரப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கலாமா?

விழுப்புரம் பக்கத்து விவசாயி ஒருவர் உரக்கடைக்கு வருகிறார். கடையில் நிற்கும் இளைஞர் தஞ்சைப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்.

“தம்பி, கொல்லையில மல்லாட்ட போட்டிருக்கேன். எலையெல்லாம் மடங்கி மடங்கி தீஞ்சாப்பல இருக்கு. என்னா மருந்து அடிக்கலாம்?”

“மல்லாட்டையா? அது என்ன பெரியவரே?”

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பெரியவர் முகம் சுருங்கிவிடுகிறது. ‘கொல்லை’ என்றதும் வீட்டுப் புறக்கடையில் நாலு செடி வைத்திருப்பார் என்று எண்ணி, இளைஞர் கைக்கு வந்த சிறிய மருந்துப் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். பெரியவரும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வாங்கிப் போய்விடுகிறார். அவருடைய கொல்லையோ இரண்டு ஏக்கர். இலை மடங்கித் தீய்ந்தாற்போல் இருப்பது நிலக்கடலையில் சுருள்பூச்சித் தாக்குதலின் அடையாளம். மறுமுறை கடைக்கு வருவதற்குள் பூச்சி வயல் முழுவதும் பரவிவிடும்.

இது கற்பனையாகச் சொன்ன நிகழ்ச்சிதான். ஆனால் பேச்சைக் கேட்டு ஆளை எடைபோடும் வழக்கம் கற்பனை அல்ல. அதனால் விளையும் நட்டம் மானக்கேட்டோடு முடிவதில்லை, மகசூலையும் பாதிக்கிறது.

ஒரு பயிர், பல பெயர்

நிலக்கடலை என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சாவதைச் சென்னைப் பக்கம் வேர்க்கடலை என்பார்கள். கொங்கு நாட்டில் கடலைக்காய். விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களில் மல்லாட்டை. இந்த மல்லாட்டை கொச்சைச் சொல் அல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரின் பெயரால் மணிலாக்கொட்டை என்று வழங்கியது, நாக்கில் புரண்டு மல்லாட்டை ஆயிற்று. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிரின் பயணத்தில் ஒரு பகுதியையே அந்தச் சொல் சொல்கிறது. சிரித்தவருக்குத்தான் அந்த வரலாறு தெரியவில்லை.

மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. கன்னியாகுமரியில் மரச்சீனிக் கிழங்கு. வட மாவட்டங்களில் காராமணி என்பது கொங்கு நாட்டில் தட்டைப்பயறு. மாட்டுத் தொழுவம் என்பது தெற்கத்திப் பேச்சு; கொங்கு நாட்டில் கட்டுத்தரை. பெயர் எதுவானாலும் பயிருக்கு வரும் பூச்சியும் மாட்டுக்கு வரும் நோயும் மாறுவதில்லை. கால் காணை, வாய்க் காணை என்று ஒருவரும் கோமாரி என்று மற்றவரும் சொல்வது ஒரே நோயைத்தான். தடுப்பூசியும் ஒன்றே.

ஒரு சொல், பல பொருள்

ஒரே பொருளுக்குப் பல பெயர் இருப்பதால் பெரும் கேடு இல்லை. ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். தஞ்சையில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். வட மாவட்டங்களில் புன்செய் நிலம். கொங்கு நாட்டில் தோட்டம் என்பது கிணற்றுப் பாசன நிலம். காடு என்பது மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவர் வனத்துக்குப் போகிறவர் அல்லர், உழவுக்குப் போகிறவர்.

நில அளவில் இந்தக் குழப்பம் காசைக் கரைக்கும். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. செங்கல்பட்டு, தென்னார்க்காடு வழக்கில் ஒரு குழி 576 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு காணி, அதாவது சுமார் 132 சென்ட். இரண்டு இடத்திலும் ‘நூறு குழி’ என்றுதான் சொல்கிறார்கள். நிலமோ நான்கு மடங்கு வேறுபடுகிறது.

இறவை நிலக்கடலைக்கு 40 முதல் 45 நாட்களில், மண் அணைக்கும் சமயத்தில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட வேண்டும் என்பது பரிந்துரை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் காய் திரட்சியாகப் பிடிக்க உதவுகின்றன. பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், “நூறு குழிக்கு ஒரு மூட்டை போடுங்க” என்று விழுப்புரத்துச் சம்பந்தியிடம் சொன்னால் அவர் கணக்கில் அது சரி. 50 கிலோ மூட்டை 33 சென்டுக்கு என்றால் ஏக்கருக்கு 150 கிலோ ஆகிறது. சம்பந்தி தம்முடைய நூறு குழிக்கு அதே ஒரு மூட்டையை இட்டால் ஏக்கருக்கு 38 கிலோதான் விழும். காய் பொக்காகப் போகும். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் விவசாயம் தெரியும். குழி எத்தனை அடி என்று கேட்காததே குறை.

நெல் பட்டத்திலும் இப்படித்தான். தஞ்சையில் குறுவை, தாளடி. திருநெல்வேலியில் கார், பிசானம். செங்கல்பட்டில் சொர்ணவாரி, நவரை. கன்னியாகுமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ. பிசானத்துக்கு விதை வேண்டும் என்று கேட்பவருக்கு, அந்தச் சொல்லை அறியாதவர் வயது பொருந்தாத ரகத்தைக் கொடுத்துவிடலாம். விதைக்கும் மாதத்தைச் சொன்னால் இந்தச் சிக்கல் வராது.

கால்நடை நோயில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அடைப்பான் வேறு, தொண்டை அடைப்பான் வேறு. தொண்டை அடைப்பானில் கடுமையான காய்ச்சலுடன் தொண்டை வீங்கி மாடு மூச்சுவிடத் திணறும். அடைப்பானில் மாடு திடீரென்று இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத இரத்தம் கசியக்கூடும். அப்படி இறந்த மாட்டை அறுக்கவோ தோல் உரிக்கவோ கூடாது. நோய் மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரின் யோசனைப்படி ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். ‘அடைப்பான்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதோடு விடாமல் மாடு எப்படி இருக்கிறது, எப்படி இறந்தது என்று விசாரிக்க வேண்டும். சிரித்து அனுப்பிவிட்டால் அந்த விவரம் கிடைக்காது.

சிரிப்பின் விலை

பழம் என்பதை மதுரைப் பக்கம் ‘பளம்’ என்பவர் உண்டு. சென்னைப் பக்கம் ‘பயம்’ என்பவர் உண்டு. உச்சரிப்பைக் கேட்டவுடன் இவர் படிக்காதவர், இவருக்கு என்ன தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பேச்சிலிருந்து சாதியைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப மரியாதையை அளந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த அவமதிப்பு அதிகமாக விழுவது விவசாயக் கூலித் தொழிலாளர் மீதுதான். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் பயிரை ஒவ்வொரு தூராகப் பார்க்கிறவர்கள் பெண்கள். ‘தூருல என்னமோ பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டிருக்கு’ என்று ஒரு பெண் சொன்னால், அது புகையான் பற்றிய முதல் செய்தியாக இருக்கலாம். அவர் பேச்சைப் பரிகாசம் செய்தால் அடுத்த தடவை கண்டாலும் சொல்லமாட்டார். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்த பிறகுதான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

வட்டாரச் சொல் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் இடமில்லை. இயற்சொல், திரிசொல், வடசொல் இவற்றோடு திசைச்சொல்லையும் சேர்த்து நால்வகையாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் விவசாயம் செய்தவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி 1982ல் வட்டார வழக்கு அகராதி வெளியிட்டார். 1991ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார்.

விவசாயிகள் புதுச் சொல் படைப்பதிலும் சளைத்தவர்கள் அல்லர். 1960களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

விவசாயிகள் தங்கள் ஊர்ச் சொல்லை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லோடு சில விவரங்களையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

1. மா, குழி, காணி என்று சொன்னாலும் நிலத்தின் அளவைச் சென்டிலோ ஏக்கரிலோ சேர்த்துச் சொல்லவும். பட்டாவில் உள்ள ஹெக்டேர் அளவை 2.47ஆல் பெருக்கினால் ஏக்கர் கிடைக்கும்.

2. பூச்சி, நோய் என்றால் தாக்கப்பட்ட செடியை வேரோடு எடுத்துச் செல்லவும். பயிரின் வயதை நாள் கணக்கில் சொல்லவும்.

3. விதை கேட்கும்போது பட்டத்தின் பெயரோடு விதைக்கும் மாதத்தையும் சொல்லவும்.

4. மருந்துப் புட்டியில் உள்ள முக்கோண நிறத்தைப் பார்க்கவும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்பதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளவும்.

5. கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் அழைத்துத் தமிழில் கேட்கலாம். தொலைபேசியில் செடியைக் காட்ட முடியாது. ஆகவே பெயரை மட்டும் சொல்லாமல் இலை, தண்டு, காய் எப்படி இருக்கின்றன என்று விளக்கவும்.

எதிரே இருக்கும் அலுவலரும் கடைக்காரரும் செய்ய வேண்டியது ஒன்றே. சொல் புரியவில்லை என்றால், “உங்கள் ஊரில் எதை அப்படிச் சொல்வீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். விழுப்புரத்துப் பெரியவரிடம் அந்த ஒரு கேள்வியையும், எத்தனை ஏக்கர் என்ற இன்னொரு கேள்வியையும் கேட்டிருந்தால் அவருடைய மல்லாட்டை பிழைத்திருக்கும்.