வாசம் வந்துச்சா? பள்ளிபாளையம் சிக்கனும் எங்க அம்மாவோட மூக்கும்

இந்த வார எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த 'ஆங்', 'அதாவது', நடுவுல குக்கர் விசில் எல்லாத்தையும் வெட்டிட்டேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. வீட்டுல அருமையா சமைக்கறவங்ககிட்ட செய்முறை கேட்டா ஏன் உருப்படியா ஒரு அளவும் வர மாட்டேங்குது? 'கொஞ்சம் போடு', 'பதமா வதக்கு', 'வாசம் வந்ததும் இறக்கு'. எனக்கும் இது எரிச்சலாத்தான் இருந்துச்சு. நான் சாஃப்ட்வேர் ஆளு, 'கொஞ்சம்'னு எழுதினா எந்தக் கோடும் ஓடாது. அவங்க மழுப்பலைன்னு எனக்குப் புரிஞ்சது 2021 மே மாசம்.

எங்க ஊரு பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டம், காவிரிக்கு இந்தப் பக்கம் நாங்க, பாலம் தாண்டினா ஈரோடு. (நாமக்கல்னதும் முட்டைன்னு ஆரம்பிக்காதீங்க. இந்த எபிசோடுல முட்டை கிடையாது.) இங்க பொழப்பே விசைத்தறிதான். வெளியூர்க்காரங்களுக்கு ஊர் பேரு தெரியறது பள்ளிபாளையம் சிக்கனால.

அதுல என்ன இருக்குன்னு பாத்தா ஒண்ணுமே இல்லை. கோழி, சின்ன வெங்காயம், விதை எடுத்த வரமிளகா, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல்லு, மஞ்சத்தூள், உப்பு, எண்ணெய். மசாலாத்தூள் கிடையாது, தக்காளி கிடையாது. எங்க வீட்டுல நல்லெண்ணெய், பக்கத்து வீட்டுல தேங்காய் எண்ணெய். ஹோட்டல்ல கரம் மசாலா போட்டு அதே பேருல கொடுக்கறாங்க. சாப்பிடலாம், ஆனா அது வேற பண்டம். மசாலா இல்லாததால தப்பை மூட வழியே இல்லை. வெங்காயம் ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன ஆனாலும் தட்டுல தெரிஞ்சுடும்.

அம்மாவுக்கு இந்தச் சமையல் பொறந்த வீட்டுல வந்தது இல்லை. அவங்க ராசிபுரம் பக்கம். அங்க அம்மாயிகிட்ட கத்துக்கிட்டது அரிசிம்பருப்பு சோறு, கொள்ளுப் பருப்பு, சந்தகை. அம்மாயிகிட்ட ஒரு உழக்கு இருந்துச்சு, அதனால அரிசிம்பருப்புக்கு மட்டும் அம்மா இன்னைக்கும் கணக்காத்தான் தண்ணி ஊத்துவாங்க. அதுகூட பழைய அரிசிக்குத்தான். புது அரிசி கம்மியா தண்ணி குடிக்கும், அப்ப உழக்குக் கணக்கும் கண் மட்டம் ஆயிடும்.

கல்யாணமாகி வந்த வீட்டுல ஞாயித்துக்கெழமை கறி சமைக்கறது அப்பாரு, அதாவது எங்க அப்பாவோட அப்பா. சமையக்கட்டுக்கு அடுத்த செவுரு தறிப்பட்டறை. தறி ஓடற எடத்துல நின்னிருக்கறவங்களுக்குத் தெரியும், பக்கத்துல இருக்கறவங்ககிட்டயே கத்தித்தான் பேசணும். அப்பாரு கத்த மாட்டாராம். மருமக பக்கத்துல நிக்கணும், அவரு வதக்கிட்டே இருப்பாரு, சரியான நேரம் வந்ததும் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாரு. அவ்வளவுதான் பாடம். மொளகா நெடி ஏறறதுக்கு ஒரு தொடல், வெங்காயம் இனிக்கறதுக்கு ஒண்ணு, கோழியோட பச்சை வாசம் போறதுக்கு ஒண்ணு. ஒரு வருசம் இப்படி நின்னுருக்காங்க. ரெண்டாவது வருசம் அப்பாரு கரண்டிய அவங்க கையில கொடுத்துட்டு வெளிய போய்க் கட்டில்ல உக்காந்துக்கிட்டாராம்.

எழுதி வெச்சுக் கத்துக்கற வழியும் தமிழ்ல இல்லாம இல்லை. எஸ். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' 1951ல வந்துச்சு. சொந்தக்காரங்க செய்முறை கேட்டுக்கிட்டே இருந்ததால, குடும்பத்துப் பெரியவரு ஊக்கப்படுத்தி எழுத வெச்ச புத்தகம். கல்யாணமாகிப் போற எத்தனையோ பொண்ணுங்க பொட்டியில போச்சு. நம்ம நாட்டுல கிலோவும் லிட்டரும் பொழக்கத்துக்கு வந்ததே 1950கள் முடியற சமயத்துலதான். அதுக்கு முன்னாடியே ஒருத்தங்க உக்காந்து சமையலை அளவா எழுதினது சாதாரண வேலை இல்லை. ஆனா அது மரக்கறிச் சமையல், அதுல எங்க ஊருக் கோழிக்கு எடமில்லை. அப்பாரு எழுதி வெக்கவும் இல்லை.

இப்ப 2021க்கு வரேன். மே 10ல இருந்து முழு ஊரடங்கு. நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம், லேப்டாப்போட வீட்டுல இருந்தேன். மூணு பேருக்கும் கொரோனா வந்துச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் போகலை. காய்ச்சல் விட்டு நாலாம் நாள் அம்மா காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டு, 'சுடுதண்ணியாட்ட இருக்குது'ன்னாங்க. வாசனை சுத்தமா போயிடுச்சு.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நாக்குக்குத் தெரியறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாறுல வர்ற உமாமி. காரம் சுவையே இல்லை, அது எரிச்சல். மத்தபடி 'ருசி'ன்னு நாம சொல்றதுல பெரும்பங்கு, மெல்லும்போது வாய்க்குப் பின்னாடி வழியா மூக்குக்கு ஏறற வாசம். கொரோனா பெரும்பாலும் தாக்கினது வாசனை நரம்பை இல்லை, அதைச் சுத்தித் தாங்கற துணைச் செல்களைன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. அதனாலதான் நிறைய பேருக்குத் திரும்பி வந்துச்சு. ஆனா எப்ப வரும்னு யாராலயும் தேதி சொல்ல முடியலை.

சாப்பிடப் பிடிக்காததைக்கூட அம்மா பெருசா எடுத்துக்கலை. சமைக்க முடியலைங்கறதுதான் அவங்களை ஒடச்சுது. தாளிப்பைக் கருக விட்டாங்க. பால் அடிப்பிடிச்சது தெரியலை. அடுப்பை அணைச்சாச்சான்னு மூணு தடவை போய்ப் பாப்பாங்க, கேஸ் கசிஞ்சாலும் தெரியாதேன்னு பயம். ஒரு ஞாயித்துக்கெழமை அப்பா கோழி வாங்கிட்டு வந்ததும், 'நீங்களே பண்ணுங்க'ன்னு திண்ணைக்குப் போயிட்டாங்க. அப்பாவுக்கு வெந்நி வெக்கத்தான் தெரியும்.

நான் வடச்சட்டிய அடுப்புல வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல அம்மா பின்னாடி வந்து நின்னாங்க. 'வாசம் வந்துச்சா கண்ணு?'

'எந்த வாசம்மா?'

அவங்களுக்கும் பதில் சொல்லத் தெரியலை. இருபத்தஞ்சு வருசமா மூக்குல இருந்ததுக்கு வார்த்தையே வெச்சிருக்கலை. நான் ஒவ்வொண்ணா சொல்லணும், அவங்க சரியா தப்பான்னு சொல்லணும். 'கண்ணு எரியுதும்மா.' 'அது வெங்காயம் இன்னும் பச்சை.' 'இப்ப எரியலை, ஒரு மாதிரி கருப்பட்டி வாசம்.' 'அதுதான். மொளகாயப் போடு.' 'இருமல் வருது.' 'ஐயோ, தீயைக் கொறை!'

இந்த ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. சின்ன வெங்காயத்தோட கண்ணெரிச்சல் கந்தகச் சேர்மங்களால வர்றது. சூட்டுல அது ஆவியாகி ஓடினதும் உள்ள இருக்கற இனிப்பு மேல வரும். வரமிளகாய்ல காரம் விதையில இல்லை, விதை ஒட்டியிருக்கற வெளுத்த நரம்புல இருக்கு. விதையை உதிர்க்கும்போது அதுவும் கூடப் போறதாலதான் இருபது மொளகா போட்டாலும் வாய் தாங்குது, நிறமும் வாசமும் நிக்குது.

கோழி போட்டதுக்கு அப்புறம்தான் சிக்கல். பச்சை வாசம் போச்சான்னு எனக்கும் நிச்சயமா சொல்லத் தெரியலை. அப்ப அம்மா திடீர்னு கையைக் காட்டி, 'பேசாத'ன்னாங்க. வடச்சட்டிக்கிட்ட காதைக் கொண்டு போனாங்க. 'தளதள'ன்னு கேட்டுட்டு இருந்தது, கொஞ்ச நேரத்துல 'சடசட'ன்னு மாறுச்சு. அவங்க மூஞ்சி மாறினதை நான் பாத்தேன்.

நாங்க தண்ணியே ஊத்த மாட்டோம், கோழியும் வெங்காயமும் விடற தண்ணிதான். அந்தத் தண்ணி இருக்கற வரைக்கும் சட்டிக்குள்ள சூடு 100 டிகிரியத் தாண்டாது, அதனால கறி வேகும், செவக்காது. தண்ணி வத்தி எண்ணெய் பிரிஞ்சதும் சூடு ஏறும், செவக்கும், வறுத்த வாசம் வரும். சத்தம் மாறற நொடியும் அந்த வாசம் கிளம்பற நொடியும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அப்ப இத்தனை வருசம் ஏன் அவங்க காதை வெச்சுப் பாக்கலை? தறி! ஊரடங்குல பட்டறை நின்னு போயிருந்துச்சு. அந்தச் சமையக்கட்டுல எண்ணெய்ச் சத்தத்தை அம்மா நிம்மதியா கேட்டதே அப்பத்தான். ஜூன்ல மத்த மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தும் நாமக்கல், சேலம், ஈரோடுன்னு 11 மாவட்டத்துக்கு இழுத்துக்கிட்டே போச்சு. ஊருக்கே வருமானம் இல்லாத நாளுங்க அது, சந்தோசமா சொல்லக் கூடாது. ஆனா அந்த வாரங்கள்லதான் அம்மா காதால சமைக்கக் கத்துக்கிட்டாங்க, நான் மூக்கால கத்துக்கிட்டேன்.

அதே வருசம் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டுச்சு. நானும் விரும்பிப் பாக்கறவன்தான். வீடியோ நமக்குக் கண்ணும் காதும் தருது, அது பெரிய விஷயம். மூக்கை மட்டும் பக்கத்துல நிக்கற ஆளுதான் தர முடியும். அதனால உங்க வீட்டுச் சமையலை எழுதி வெக்கப் போறீங்கன்னா, 'அஞ்சு நிமிஷம் வதக்கவும்'னு எழுதாதீங்க. உங்க அடுப்பு வேற, என் அடுப்பு வேற. அஞ்சு நிமிஷம் கழிச்சு என்ன கேக்கும், என்ன மணக்கும், கரண்டி எப்படி நகரும்னு அவங்க சமைக்கும்போதே பக்கத்துல நின்னு கேட்டு எழுதுங்க.

மறுபடி தறி ஓட ஆரம்பிச்சப்ப அம்மாவுக்குக் காதும் போச்சு, மூக்கும் இன்னும் வரலை. ஞாயித்துக்கெழமைல நான் பக்கத்துல நின்னேன். நேரம் வந்ததும் என் மூக்கைத் தொட்டுக் காட்டுவேன். தீபாவளி வாக்குல வாசம் கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. கறிவேப்பிலை மட்டும் இன்னும் சரியா தெரியலைங்கறாங்க. அதனால எங்க வீட்டுக் கோழியில இப்ப ரெண்டு கொத்து அதிகமா இருக்கும்.