டிச்பல்லிக்குப் போன டாக்டரம்மா

ஐதராபாத்தில் நாச்சாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தொழிற்பேட்டை, அடுத்தது இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. தொழிலாளர் குடும்பங்கள் நம்பியிருக்கும் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளின் வார்டுகளில் சாயங்கால நேரத்தில் ஒரு காட்சி சகஜம். சபைக்காரர்கள் நாலு பேர் வருவார்கள். பிளாஸ்க்கில் கஞ்சி, பையில் இரண்டு ஆரஞ்சு. கட்டிலைச் சுற்றி நின்று ஐந்து நிமிடம் ஜெபம் செய்வார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு கிளம்புவார்கள். சிலருக்கு அது இதமாக இருக்கும். தூக்கம் கலைந்த எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடினால், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்துக்குப் போக வேண்டும். கஷ்டத்தில் கடவுளிடம் கிடைத்த ஆறுதலைக் கையில் வைத்துக்கொள்ளாமல், கஷ்டப்படும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆசியாவில் இனிப் பிழைப்போமா என்ற அளவுக்குத் தாம் நொந்துபோனதையும் அதே அதிகாரத்தில் அவர் சொல்கிறார். சொகுசாக உட்கார்ந்து எழுதிய உபதேசம் இல்லை அது.

கஞ்சியும் ஜெபமும் ஒரு சாயங்கால வேலை. அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களும் தெலங்கானாவில் இருந்திருக்கிறார்கள். ஐதராபாத்திலிருந்து நாக்பூர் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், நிஜாமாபாத் நகரத்துக்குச் சற்று முன்னால் டிச்பல்லி வரும். இன்று அது தெலங்கானா பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். நூறு வருடங்களுக்கு முன்னால் தொழுநோயாளிகள் தேடிப்போன ஊர்.

அங்கே அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா இசபெல் கெர். ஸ்காட்லாந்துக்காரர், அபெர்டீனில் மருத்துவம் படித்தவர். கணவர் ஜார்ஜ் கெர் தச்சு வேலை பார்த்துவிட்டு வெஸ்லியன் மெதடிஸ்ட் ஊழியத்துக்கு வந்தவர். 1907இல் இருவரும் நிஜாம் சமஸ்தானத்துக்கு வந்தார்கள். தொழுநோய் வந்தவர்களுக்கு இங்கே போக்கிடமே இல்லை என்பதைக் கண்டார்கள். வீட்டுக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள், ஊரும் சேர்க்காது, மிச்சம் இருப்பது பிச்சைதான். 1911இல் நிஜாமாபாத்தில் சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். இடம் போதவில்லை. நர்சா கவுடு என்ற இந்து செல்வந்தர் பணம் கொடுக்க, 1915இல் டிச்பல்லியில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. மிஷனரி வரலாறுகளில் இப்படிப்பட்ட கொடையாளிகளுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் டாக்டரம்மாவின் இரக்கம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

மருந்தின் கதையும் சுவையானது. நம்மூர்ச் சித்த வைத்தியர்களுக்குப் பழக்கமான நீரடிமுத்தும் அதன் இனத்து மரங்களும் தரும் எண்ணெய்தான் அன்று தொழுநோய்க்கு இருந்த ஒரே நம்பிக்கை. குடித்தால் குமட்டும். அதனால் பாதியில் விட்டுவிடுகிறவர்களே அதிகம். கல்கத்தாவில் எர்னஸ்ட் மியூர் என்ற மருத்துவர் அதை ஊசியாகப் போடும் முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். இசபெல் அதைக் கற்றுக்கொண்டு டிச்பல்லியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கெட்டியான எண்ணெய், ஊசியின் வலி சாமானியமானதல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். பூட்டி வைக்கும் இடமாக இல்லாமல், குணமாகி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் இடமாக அது இருந்தது. 1923இல் அரசு இசபெலுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1932இல் அவர் காலமானார்.

இதே வட்டாரத்தில் ஆறுதலை வேறு வடிவத்தில் கொடுத்த இடம் மேதக். 1914 வாக்கில் அங்கே பஞ்சம். சார்ல்ஸ் வாக்கர் பாஸ்னெட் என்ற மெதடிஸ்ட் போதகர் கஞ்சித்தொட்டி திறப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியாகச் சாப்பாடு. பத்து வருடம் நடந்த வேலை 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டையில் முடிந்தது. 175 அடி கோபுரம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் உட்காரலாம். பசித்தவனை வரிசையில் நிறுத்தி இலையை நீட்டுவதற்கும், கல் சுமந்த கைக்குக் கூலி கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வாங்குகிறவன் தலை நிமிர்ந்து வாங்கலாம்.

சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த மாதிரிப் பணிகள் மீது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் மனதில் பசி எவ்வளவு, விசுவாசம் எவ்வளவு என்று அளந்து சொல்ல யாராலும் ஆகாது. ஊசி போடுமுன் மதம் கேட்காத இடத்தில்தான் அந்தக் குற்றச்சாட்டு வலுவிழக்கிறது.

பவுல் சொன்ன வரிசைக்கு, அதாவது பெற்ற ஆறுதலைத் திருப்பிக் கொடுப்பதற்கு, அச்சொட்டான உதாரணம் வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் வேன் விபத்தில் சிக்கினார். முகத்தில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கிக்கொண்டிருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே இந்த வேலையைச் செய்யலாம் என்று ஊக்கம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மடங்கிய விரல்களை மேரி நிமிர்த்தினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையை உருவாக்கினார். முதுகெலும்பு முறிந்து வரும் நோயாளியிடம் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று சொல்ல அவருக்குத் தனியாக வசனம் தேவைப்பட்டிருக்காது. 1972இல் பத்மஸ்ரீ, 1986இல் மறைவு.

எண்ணெய் ஊசிக்கு இன்று வேலையில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்துகள் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ நோயைக் குணப்படுத்துகின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் அவை இலவசம். மாத்திரை வந்த வேகத்தில் மனசு மாறவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி நம் திருமணச் சட்டங்களில் நீடித்தது. இந்து, கிறிஸ்தவர் இருவருக்கான சட்டங்களிலும் அது இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கியது 2019இல்.