மழைக்குளிருக்கு ஏற்ற கையுறை

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் காடுகள். பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் புறப்படுபவர்களில் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் தலைக்கவசம் இருக்கும், மழைச்சட்டையும் இருக்கும். கைகளை மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழும் நமக்குக் கையுறை எதற்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

நவம்பர் மாதத்தில் தொடங்கி மார்ச்சு வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சாலையில் பயணம் செய்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். தென்சீனக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்கு ஜொகூரில் நாள் கணக்கில் மழையைக் கொட்டும். வெப்பமானி 23 பாகை செல்சியஸ் காட்டும். அறைக்குள் இருப்பவருக்கு அது இதமான குளிர்ச்சி. நனைந்த கைகளோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கோ அது வேறு வகையான குளிர்.

நம் தோலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வெப்பக்காற்றுப் படலம் இருக்கிறது. வேகமாக வீசும் காற்று அதை உடனுக்குடன் அடித்துச் சென்றுவிடுகிறது. கை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மழை ஓய்ந்த பிறகும் குளிர் விடுவதில்லை. தோலில் இருக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நனைந்த துணியைச் சுற்றிய மண்பானையில் நீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

உடல் இதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது? இதயம், நுரையீரல் போன்ற முக்கிய உறுப்புகளின் வெப்பத்தைக் காப்பதற்காக, விரல்களுக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, விரல்கள் விறைக்கின்றன. அதனால்தான் நெஞ்சுப்பகுதி குளிர்ந்தால் கைகளும் குளிர்ந்துவிடுகின்றன. நம் நாட்டில் காப்சாய் ஓட்டுபவர்கள் பலர் மேற்சட்டையை முன்பின்னாகத் திருப்பி அணிவதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், மார்பில் காற்றுப் புகாமல் தடுக்கும் அந்தப் பழக்கம் விரல்களுக்கும் ஓரளவு உதவத்தான் செய்கிறது.

விறைத்த விரல்களால் என்ன கேடு? முன் சக்கரத்தின் பிரேக் பிடியை வலக்கை விரல்கள்தாம் இயக்குகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. விரல்கள் அரை விநாடி தாமதித்தால் எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகச் சென்றுவிடும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்ட இரண்டு கார்களின் நீளம் அது. செம்பனைப் பழக்குலைகளை ஏற்றிய லாரிகள் தோட்டத்துச் செம்மண் பாதைகளிலிருந்து திடீரெனத் திரும்பும் சாலை இது. காட்டு யானைகள் நடமாடும் பகுதியும்கூட. அந்த எட்டு மீட்டர் சிறிய தூரமன்று. குளிர் தாங்காமல் இடக்கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுபவர்களையும் மழைநாள்களில் காணலாம். தாமதத்தைவிட அது இன்னும் ஆபத்தானது.

ஆகவே கையுறை தேவை. ஆனால், எத்தகைய கையுறை? குளிர் என்றதும் தடித்த பஞ்சு வைத்த கையுறையைத் தேடுபவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். குளிர்நாட்டுக் கையுறைகள் உறைபனிக் காற்றை எதிர்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. காஹாங்கில் நம்மைக் குளிர வைப்பது நீரும் காற்றும்தான். மழையில் நனைந்த பஞ்சு, நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். மழை விட்டதும் உள்ளே கை வியர்க்கும். அதைவிட முக்கியம், தடித்த கையுறை அணிந்தால் பிரேக் பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரல்களால் உணர முடியாது. ஈரச்சாலையில் தேவைக்கு அதிகமாக அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும்.

இரும்புப் பொருள் கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பருத்திக் கையுறையைப் பலர் வாங்குகிறார்கள். வெயிலுக்கு அது போதும். மழையில் ஐந்து நிமிடத்திற்குள் அது ஈரத்துணியாகிவிடும். வெறுங்கையைவிட அதிகமாகவே குளிரும். ரப்பர் கையுறையில் நீர் புகாது; ஆனால், வியர்வையும் வெளியேறாது. உலகிற்கே ரப்பர் கையுறை செய்து ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் நிற்கும் நாடு நம்முடையது. மருத்துவமனையில் பயன்படும் அந்த மெல்லிய கையுறையை உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே வேறொன்றை அணியும் உத்தியைச் சிலர் கையாளுகிறார்கள். குறுகிய பயணத்திற்கு அது கைகொடுக்கும். ஆனால், மெல்லிய ரப்பரை மட்டும் அணிந்துகொண்டு தார்ச்சாலையில் விழுந்தால், வெறுங்கையோடு விழுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

கீழே விழும்போது மனிதன் தன்னையறியாமலேயே கையை ஊன்றுகிறான். அந்த அதிர்ச்சியில் முதலில் உராய்வது உள்ளங்கையின் அடிப்பகுதி. தோல் உரிந்துபோகும். அத்துடன் மணிக்கட்டில், கட்டைவிரலின் பக்கமாக, படகு வடிவில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் முறிந்தால் எளிதில் கூடாது. நல்ல கையுறைகளின் உள்ளங்கையடியில் வழவழப்பான கடின நெகிழித் துண்டு ஒன்றைப் பதித்திருப்பார்கள். சாலையில் கை பற்றி நின்றுவிடாமல் வழுக்கிச் செல்வதற்காகவே அந்த ஏற்பாடு. விரல் முட்டிகளின் மேல் இருக்கும் கவசம் பலருடைய கண்ணில் முதலில் படும். அழகுக்காக அதை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் உள்ளங்கையையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட கையுறையை அணிந்திருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்ததாக அது கூறுகிறது. கையுறை அணிபவர்கள் இயல்பிலேயே கவனமாக ஓட்டுபவர்களாகவும் இருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. எனினும், ஒதுக்கித் தள்ளக்கூடிய வேறுபாடன்று இது. மலேசியாவில் தலைக்கவசம் 1973ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாயமாக்கப்பட்டது. கையுறைக்கு அத்தகைய கட்டாயமில்லை. தேர்வு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

கடையில் கையுறையைக் கையில் எடுத்ததும் உட்புறச் சீட்டைப் பாருங்கள். இ.என். 13594 என்ற குறியீடு இருந்தால், அது மோட்டார் சைக்கிளோட்டிகளின் கையுறைக்கான ஐரோப்பியத் தர அளவுகோலின்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். அதன் அருகில் 1 அல்லது 2 என்ற எண் இருக்கும். இரண்டாம் நிலை கூடுதல் பாதுகாப்பைக் குறிக்கும். கே.பி. என்ற எழுத்துகள் விரல் முட்டிக்கான கவசமும் சோதனையில் தேறியதைக் காட்டுகின்றன. இக்குறியீடு இல்லாத கையுறை எல்லாமே மோசமானது என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்டதை வாங்கும்போது தையல், தோல், ஒட்டுப்பட்டை ஆகியவற்றை நாமே சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆட்டுத்தோல் மெல்லியதாகவும் அதே வேளையில் உறுதியாகவும் இருக்கும். விரல்கள் நன்கு மடங்கும். மாட்டுத்தோல் தடிமனானது. தோல் எதுவானாலும் தொடர்மழையில் ஊறும், காய்ந்தபின் விறைக்கும். அதனால் மழைக்காலத்திற்கு, வெளியே உறுதியான செயற்கைத் துணியும் உள்ளங்கையில் தோலும் வைத்து, நடுவில் நீர்புகாச் சவ்வு ஒன்றை இணைத்த கையுறை பொருத்தமானது. சவ்விலுள்ள நுண்துளைகள் நீர்த்துளியை உள்ளே விடாமல் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும். காற்றே ஈரமாக இருக்கும் நம் நாட்டில் அந்த ஆவி மெதுவாகத்தான் வெளியேறும். விளம்பரம் சொல்லும் அளவுக்குக் கை உலர்ந்தே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அளவைப் பார்ப்பதற்குக் கையை நீட்டிப் பார்ப்பது போதாது. முடிந்தால் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றிப் பாருங்கள். பிரேக்கை அழுத்துங்கள், சமிக்கை விளக்கையும் ஹாரனையும் கட்டைவிரலால் இயக்குங்கள். விரல் நுனியில் துணி மிகுந்திருந்தால் அது பிரேக் பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையில் சிக்கும். மிகவும் இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு, கதகதப்பைக் காக்கும் காற்றுப் படலமும் இல்லாமல்போய், கை முன்னிலும் அதிகமாகக் குளிரும். பிறகு மணிக்கட்டின் பட்டையைக் கட்டிவிட்டு மற்றொரு கையால் கையுறையை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது விபத்தின்போதும் கழன்றுவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இச்சோதனையை விட்டுவிடாதீர்கள்.

மழையில் ஓட்டும்போது கையுறையின் வாய்ப்பகுதி சட்டைக்கைக்கு உள்ளே இருக்கவேண்டுமா, வெளியே இருக்கவேண்டுமா என்ற ஐயம் எழும். காப்சாய் ஓட்டும்போது கை முழங்கையைவிடத் தாழ்ந்திருக்கும். நீர் சட்டைக்கையின் வழியே கீழ்நோக்கி வழியும். ஆகவே கையுறை உள்ளேயும் மழைச்சட்டையின் கைப்பகுதி அதன் மேலேயும் இருந்தால்தான் நீர் கையுறைக்குள் இறங்காது.

விடுமுறையில் கேமரன் மலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்குச் சற்று மாறும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் அங்கே 7.8 பாகை செல்சியஸ் பதிவானது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். 10 பாகைக் குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மூடாத தோலுக்கு அது ஏறத்தாழ 5 பாகைபோல் இருக்கும். விரல் தோலின் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்கினால் நுட்பமாக எதையும் செய்வது கடினம். அத்தகைய பயணத்திற்கு மெல்லிய கம்பளி உட்துணி கொண்ட கையுறை நியாயமானது.

திரும்பி வந்ததும் நனைந்த கையுறையை மோட்டார் சைக்கிளின் சூடான புகைபோக்கியில் மாட்டி உலர்த்தாதீர்கள். தோல் சுருங்கும், சவ்வின் ஒட்டும் பிரிந்துவிடும். உள்ளே பழைய நாளிதழைச் சுருட்டி வைத்து, நிழலில் காற்றாட ஓர் இரவு தொங்கவிட்டால் போதும். காலையிலும் ஈரம் மிச்சமிருந்தால் தாளை மாற்றி, இன்னொரு நாள் விட்டுவைக்கலாம்.