மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உண்டா?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. இறைச்சிக் கறிக்குள் வெள்ளையாக ஏதோ கிடக்க, மலடாக்கும் ‘வந்தபெத்தி’ போட்டிருக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் ஒப்புக்கொண்டதாக ஒரு வீடியோ பரவியது. விடிவதற்குள் கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் சேதமாகியிருந்தன. அடுத்த மாதம் அரச இரசாயனப் பகுப்பாய்வின் முடிவு வந்தது: கறியில் கிடந்தது மாவுக்கட்டி. மலடாக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை.

கொதிக்கும் ஆணத்தில் மாவை நேரடியாகப் போட்டால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களைக் கேட்டாலே போதும். மாச்சத்துத் துணிக்கைகள் 60 முதல் 70 பாகை செல்சியஸில் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. வெளிப்புறம் முதலில் பசையாகி மூடிக்கொள்வதால் உள்ளே தண்ணீர் புகாது. நடுவில் மா காய்ந்தபடியே உருண்டு நிற்கும். அதன்மேல் ஒரு துளி அயடீன் விட்டால் கருநீலமாகும். சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் செய்யும் சோதனைதான் இது.

சிங்களத்தில் ‘வந்தபெத்தி’ என்றால் மலடாக்கும் மாத்திரை. தமிழ்ச் செய்திகள் பலவற்றில் அது ‘கருத்தடை மாத்திரை’ ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. மலடாக்கும் இரசாயனத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டெரிலன்ட்’ என்றொரு சொல் உண்டு; மனித மருத்துவத்தில் இந்தப் பொருளில் அது அரிது. பூச்சிகளையும் எலிகளையும் பெருகவிடாமல் தடுக்கும் இரசாயனங்களைப் பற்றிய நூல்களில்தான் அதை அதிகம் பார்க்கலாம்.

கருத்தடை மருந்து தற்காலிகமானது. நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் குடும்ப நல உத்தியோகத்தர் கொடுக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்கினால்தான் சூல் வெளியேறாமல் நிற்கும். விட்டால் கருவளம் திரும்பிவிடும். மூன்று மாத ஊசி போட்டவர்களுக்குச் சற்றுத் தாமதமாகும், ஆனாலும் திரும்பும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசர மாத்திரை சூல் வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மருந்தைத் தேடியவர்களே இல்லையா? கிட்டத்தட்ட அந்த இடத்துக்குப் போன இரண்டு பொருள்கள் உண்டு.

முதலாவது கொசிப்போல். 1950களில் சீனாவில், சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்து உண்ட கிராமங்களில் குழந்தைப் பேறு குறைந்தது கவனத்துக்கு வந்தது. அந்த எண்ணெயில் இருந்த கொசிப்போல் விந்தணு உற்பத்தியைத் தடுத்தது. 1970களில் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக ஆயிரக்கணக்கானோரிடம் அதைச் சோதித்தார்கள். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் இரண்டு, மூன்று மாதம் விடாமல் விழுங்கிய பிறகே பலன் கிடைத்தது. ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளர்ந்தன. சிலருக்குக் கருவளம் திரும்பவே இல்லை. அதனாலேயே 1980களில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இரண்டாவது குயினாக்ரின், மலேரியாவுக்குக் கொடுத்த பழைய மருந்து. அதைச் சிறு உருண்டைகளாக்கிக் கருப்பைக்குள் வைத்தால் பலோப்பியன் குழாயின் வாய் தழும்பேறி அடைபடும். வியட்நாமில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இப்படிச் செய்தார்கள். பாதுகாப்புப் பற்றிய கேள்விகள் எழுந்து, 1998இல் இந்தியா இதைத் தடை செய்தது. வாயால் விழுங்குபவர்களுக்கு இந்த மருந்தால் குழாய் அடைபடுவதில்லை. கருவியால் உள்ளே வைத்தாக வேண்டும்.

ஆக, தேடியவர்களுக்கு மாதக்கணக்கில் மருந்தோ கருப்பைக்குள் செலுத்தும் கருவியோ தேவைப்பட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஆளுக்குத் தெரியாமல் கலந்து நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எந்தப் பாமசியிலும் இல்லை, எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. நிரந்தரக் கருத்தடை என்று இலங்கையில் செய்யப்படுவது பெண்களுக்கு எல்.ஆர்.டி. (பலோப்பியன் குழாயைக் கட்டி வெட்டுதல்), ஆண்களுக்கு வசெக்டமி (விந்துக் குழாயை வெட்டுதல்). இரண்டும் சத்திரசிகிச்சை.

இனியும் இப்படியொரு வீடியோ தொலைபேசிக்கு வரக்கூடும். அதை அடுத்தவருக்கு அனுப்ப முன்னர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.