நரம்பு முனையும் நஞ்சும்

காலில் முள் தைத்த கணத்திலேயே காலை இழுத்துக்கொள்கின்றோம். இச்சிறு செயலை முடித்துவைப்பவை நரம்புக்கலங்கள். மனித மூளையில் மாத்திரம் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன.

நரம்புக்கலத்தில் மூன்று பகுதிகளைக் காணலாம். கருவைக் கொண்டது கலவுடல். அதனின்று கிளைத்துச் செய்தியை ஏற்பவை குறுகிய இழைகள். செய்தியை அப்பாற் கொண்டுசெல்வது நீண்ட இழையொன்று. முண்ணாணின் அடிப்புறத்திலிருந்து பாதத்துக்குச் செல்லும் இழை ஏறத்தாழ 1 மீற்றர் நீளமுடையது. தடிப்பிலோ தலைமயிரிலும் மெல்லியது.

சோடிய அயன்கள் இழையின் மென்சவ்வினூடு உட்புக, அவ்விடத்து மின்னிலை மாறுகின்றது. அம்மாற்றம் அலைபோல் முன்னேறுவதே நரம்புச் செய்தியாகும். மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த இழைகளுள் விரைவுமிக்கவற்றில் அது செக்கனுக்கு 100 மீற்றர் வரை செல்லும்.

ஆயினும் நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீற்றரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி அங்கே உண்டு. அதனைக் கடப்பது மின்னன்று. முனையிலுள்ள நுண்பைகளிலிருந்து வெளிப்படும் அசற்றைல்கொலின் என்னும் இரசாயனப் பொருளே. அது தசையை அடைந்ததும் தசை சுருங்குகின்றது. நரம்புகள் இரசாயனப் பொருளாற் செய்தி சொல்வதை ஓட்டோ லோவி 1921இல் தவளைகளின் இதயங்களைக் கொண்டு காட்டினார். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவர் படமாகக் கீறிப் பெயர் குறிக்கும் இந்த நரம்பு முனை, நம் நாட்டுக் குடும்பங்களுக்கு உயிர்ப்பிரச்சினையும் ஆகும். கட்டுவிரியன் என்றும் எட்டடி விரியன் என்றும் நாம் அழைக்கும் பாம்பின் நஞ்சு தாக்குவது இம்முனையையே. நுண்பைகள் வெறுமையாகி, முனை சிதைகின்றது. மூளை ஆணையிட்டும் தசை அதனைப் பெறுவதில்லை. முதலில் இமைகள் சோரும். பின்னர் விழுங்குதல் அரிதாகும். ஈற்றில் மூச்சுத் தசைகளும் ஓயக்கூடும்.

கடியுண்டவர் எட்டடி வைப்பதற்குள் வீழ்வார் என்று பெயருக்கு விளக்கம் கூறுவர். உண்மை வேறு. இப்பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கின்றது. கடிவாயில் நோவோ வீக்கமோ இல்லாதிருக்கலாம். வயிற்றுவலியோடு விழித்து, அஜீரணம் என்று எண்ணிப் படுத்துவிடுவோரும் உளர். இமை சோர்வதற்குச் சில மணி நேரம் செல்லலாம். அந்நேரமே உயிர் காக்கும் நேரம்.

நஞ்செதிர்ப்பு மருந்து குருதியில் உலவும் நஞ்சைத் தடுக்கும். சிதைந்த முனையைச் சீராக்காது. முனை மீண்டும் வளரும்வரை, சில வேளை பல நாட்கள், செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கும். வைத்தியசாலையில் அது கிடைத்தால் நோயாளி பெரும்பாலும் முழுமையாகத் தேறுவார். அசைவற்றுக் கிடப்பவர் நினைவோடு இருக்கக்கூடும் என்பதையும் உறவினர் மறத்தலாகாது.

ஆகவே, கட்டிலில் உறங்குவோம். இயலாவிடின் நுளம்பு வலையின் விளிம்பைப் பாயின் கீழ்ச் செருகிவிடுவோம். தரையில் உறங்கியவர் நள்ளிரவில் காரணந் தெரியாத வயிற்றுவலி என்றோ, கண் திறக்க முடியவில்லை என்றோ கூறின், விடியும்வரை காத்திராது அப்பொழுதே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம்.