வடகடலில் இளைப்பாறும் மூளை

நார்வேயின் பெர்கன் நகரத்தில் கிளம்பி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் செல்கிறது ஹுர்டிகுருட்டன் கப்பல். போய்த் திரும்ப 12 நாள். 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தபாலும் சரக்கும் கொண்டுபோகத் தொடங்கிய தடம் இது. இன்றைக்கும் அது பாதி சுற்றுலாக் கப்பல், பாதி டவுன் பஸ். நடுநிசியில் ஏதாவது ஒரு சிற்றூரில் கால் மணி நேரம் நிற்கும். சரக்குப் பெட்டிகள் இறங்கும். கடைக்குப் போய் வந்த பையோடு ஒரு பாட்டி இறங்குவார், சைக்கிளோடு ஒரு பையன் ஏறுவான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது அடுத்த ஊருக்குப் போகும் வழி, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு நாள் உட்காரவே மாட்டார்கள். இடப்பக்கம் அருவி என்றால் எல்லாரும் இடப்பக்கம், வலப்பக்கம் கழுகு என்றால் வலப்பக்கம். நான் போன பயணத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மானியர், மனைவி கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல் மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் வைஃபை கிடைக்கவில்லை என்று பணியாளரிடம் மூன்று முறை போனார். மூன்றாம் நாளுக்குப் பிறகு இந்த ஓட்டம் தானாகவே அடங்கியது. கேமராக்கள் மேசையில் கிடந்தன. கண்ணாடிச் சுவர் வைத்த முன்கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மணிக்கணக்காகக் கரையைப் பார்த்தபடி இருந்தார்கள். வைஃபை தேடியவரும் அங்கேதான் இருந்தார். பேச்சு குறைந்தது, ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான்.

இப்படி ஆவது ஏன் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நாம் கவனிப்பதில் இரண்டு வகை உண்டு. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்றவற்றுக்கு மனத்தை இழுத்துப் பிடித்து ஒன்றில் நிறுத்த வேண்டும். குறுக்கே வரும் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது களைத்துப்போகிறது. எரிச்சல், மறதி, முடிவெடுக்கத் தயக்கம் எல்லாம் அந்தக் களைப்பின் அடையாளங்கள். மேகம் நகர்வதையும் அலை உடைவதையும் பார்க்க எந்த முயற்சியும் வேண்டாம். அவை கண்ணை மென்மையாகப் பிடித்துக்கொள்கின்றன, மனத்தைக் கேள்வி கேட்பதில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் இளைப்பாறுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன் குழு இதை 2008-இல் சோதித்துப் பார்த்தது. சொல்லப்பட்ட எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் தேர்வு. மரங்கள் நிறைந்த தோட்டத்தில் நடந்து திரும்பியவர்களின் மதிப்பெண் சுமார் 20 விழுக்காடு உயர்ந்தது. நகரத் தெருவில் நடந்தவர்களிடம் அப்படிப்பட்ட உயர்வு இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று: ஜனவரிக் குளிரில் நடந்தவர்கள் அந்த நடையை ரசிக்கவில்லை, ஆனாலும் பலன் குறையவில்லை. காற்று முகத்தில் அறையும் மேல்தளத்தில் நின்றபோது இந்த முடிவை முழுமனதோடு நம்பினேன்.

நான்காம் நாள் காலையில் விக்கிங்கன் என்ற குட்டித்தீவில் இரும்பாலான உலக உருண்டை ஒன்று தெரிகிறது. அதுதான் ஆர்க்டிக் வட்டத்தின் அடையாளம். மேல்தளத்தில் கடல் தேவன் வேடம் போட்ட ஒருவர் கரண்டியில் பனிக்கட்டி அள்ளி, விரும்புகிறவர்களின் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் கொட்டுவார். அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வரிசையில் நின்று, கொட்டியதும் குழந்தைகளாகக் கத்தினார்கள்.

அன்று மாலை லோஃபோட்டன் தீவுகள். கடலிலிருந்து நேராகக் கிளம்பும் கரிய மலைச்சுவர், அதன் காலடியில் சிவப்பு மரவீடுகள். சாரக்கட்டு போன்ற மரச்சட்டங்கள் கரை நெடுக நிற்கின்றன. குளிர்காலத்தில் பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் காட் மீனைப் பிடித்து, உப்பே போடாமல் அவற்றில் தொங்கவிட்டுக் கருவாடாக்குகிறார்கள். இங்கே இப்படி உலர்த்த முடிவதற்குக் காரணம் கடல்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையை உரசிச் செல்வதால், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயும் துறைகள் உறைவதில்லை. குளிர்கால வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. மீன் அழுகும் அளவுக்குச் சூடும் இல்லை, கல்லாக உறையும் அளவுக்குக் குளிரும் இல்லை.

அந்த மலைச்சுவரோடு நமக்கும் ஒரு உறவு உண்டு. லோஃபோட்டன் பாறைகளில் ஒரு வகை சார்னகைட். பூமியின் ஆழத்தில், நீர்ச்சத்து மிகக் குறைந்த கடும் வெப்பத்தில் உருவாகும் கல் இது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இதை விவரித்தது சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை வைத்துத்தான். லோஃபோட்டன் பாறைக்கு வயது சுமார் 180 கோடி ஆண்டு. பல்லாவரத்துப் பாறை அதைவிடவும் மூத்தது. பக்கத்தில் நின்ற டென்மார்க் ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

பிரம்மாண்டத்தின் முன் நிற்பது நம்மை என்ன செய்கிறது? யாங் பாய் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலும், சான் ஃபிரான்சிஸ்கோவின் கலகலப்பான சுற்றுலாத் துறைமுகத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை நிறுத்தி, தங்களையே படமாக வரையச் சொன்னது. 2017-இல் வெளியான முடிவு: மலைகளின் முன் நின்றவர்கள் தங்களைச் சிறிதாக வரைந்தார்கள். ‘நான்’ சுருங்கும்போது அதோடு ஒட்டிய கவலைகளும் சுருங்குகின்றன என்பது என் எண்ணம். கப்பலில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் வடக்கே, ட்ரோம்ஸோ நகரில் மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் கப்பலின் கூடத்தில் காபிக் கோப்பையோடு ஆட்கள் இருந்தார்கள். நம் கண்ணில் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, ‘பகலா, இரவா’ என்பதை மூளைக்குச் சொல்லும் செல்களும் உண்டு. ஓயாத வெளிச்சம் அவற்றைக் குழப்புகிறது. வடதுருவக் கலைமான்கள் இதற்கு வேறு வழி கண்டிருக்கின்றன. ஸ்வால்பார்டு தீவுகளின் கலைமான்கள் கோடையில் பகல்-இரவுத் தாளத்தையே கைவிட்டு, பசித்தால் மேய்ந்து, களைத்தால் படுக்கின்றன. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் கோடையில் பொன்னிறம், இருண்ட குளிர்காலத்தில் நீலம். நீலமாக மாறும்போது மங்கலில் பார்க்கும் திறனும் கூடுகிறது. மனிதனுக்கு அந்த வசதி கிடையாது. நள்ளிரவுச் சூரியனை ஒருநாள் விழித்திருந்து பாருங்கள், மற்ற நாட்களில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குங்கள். இருட்டும் மருந்துதான்.

விடுமுறையின் பலன் எவ்வளவு நாள் நிற்கும்? ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளர் நெதர்லாந்தில் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார். உற்சாகம் எட்டாம் நாள்வாக்கில் உச்சத்துக்குப் போயிருந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதனால், ஆண்டுக்கு ஒருமுறை பெரும் பயணம் போனால் போதும் என்று நினைப்பது தவறு. நார்வேக்குப் போக முடியாதவர்கள் வருந்தவும் வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இயற்கையில் கழித்தவர்கள்தான் உடலும் மனமும் நலமாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் கழித்தாலும், பல நாட்களுக்குப் பிரித்துக்கொண்டாலும் வித்தியாசம் தெரியவில்லை.